நாடியைக் கேட்டு ஓடுவோம்

தோட்டங்களில் விளையாட்டு விழா நெருங்கும்போதெல்லாம் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. வேலை முடிந்த மாலை வேளையில் இளைஞர் சிலர் திடலில் கூடுகின்றனர். நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயிற்சி என்று சொல்லி, முதல் நாளே இயன்ற மட்டும் வேகமாக ஓடுகின்றனர். இரண்டு சுற்று முடிவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, திடலோரப் புல்லில் சாய்ந்துவிடுகின்றனர். மறுநாள் கால்வலி. மூன்றாம் நாள் வருவோர் பாதிப் பேர். இரண்டாம் வாரத்தில் திடல் வெறிச்சோடிக் கிடக்கிறது. "நெடுந்தூர ஓட்டம் நம் உடம்புக்கு ஒத்து வராது" என்ற முடிவுடன் அவர்கள் அதை மறந்துவிடுகின்றனர்.

இவர்களிடம் ஊக்கத்திற்குக் குறைவில்லை. எவ்வளவு வேகம் தம் உடலுக்கு ஏற்றது என்பதை அறியாமல் ஓடியதே தோல்விக்குக் காரணம். அந்த அளவைக் காட்டும் கருவி ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் பிறவியிலிருந்தே இருக்கிறது. அதுதான் நாடித் துடிப்பு. அதை எண்ணும் முறையையும், அதைத் துணையாகக் கொண்டு உடலைப் படிப்படியாக வலுப்படுத்தும் வழியையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். இது ஓட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. நாற்பதைக் கடந்த ஆண்களும் பெண்களும் நடைப்பயிற்சிக்கு இதே முறையைக் கையாளலாம்.

உழைக்கும் உடலுக்குப் பயிற்சி எதற்கு?

"விடியுமுன் எழுந்து நிரை நிரையாக மரங்களைச் சுற்றி வருகிறோம். இதற்கு மேலும் உடற்பயிற்சி வேண்டுமா?" என்று நம் மக்கள் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வியே.

பால்மரம் வெட்டும் வேலையில் நடை உண்டு. குனிதலும் நிமிர்தலும் உண்டு. வாளியின் சுமையும் உண்டு. ஆயினும், சில அடிகள் நடந்து, நின்று, வெட்டி, மீண்டும் நடக்கும் இவ்வேலை உடலை மணிக்கணக்கில் களைப்படையச் செய்கிறதே தவிர, இதயத்தின் துடிப்பைப் போதிய அளவுக்கு உயர்த்தித் தொடர்ந்து அரை மணி நேரம் அங்கேயே நிறுத்தி வைப்பதில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

இதனை ஆய்வுகளும் காட்டுகின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கிய ஓர் அறிக்கை 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடலுழைப்பு குறைந்த வேலையில் உள்ள ஆண்களைவிட, உடலுழைப்பு மிகுந்த வேலையில் உள்ள ஆண்களிடையே அகால மரணம் 18 விழுக்காடு மிகுதியாக இருப்பதாக அது தெரிவித்தது. இதில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் நன்மையைத் தொழில் உழைப்பு அப்படியே தந்துவிடுவதில்லை என்பது தெளிவு. "உழைக்கிற உடம்பை நோய் அண்டாது" என்று நம்பியிருப்பது ஆபத்தானது. நம் நாட்டில் மரணத்திற்குரிய காரணங்களின் முன்வரிசையில் இதய நோய் பல ஆண்டுகளாக நின்று வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இதயம் பழகும் விதம்

கைமுட்டி அளவே உள்ள இதயம், ஓய்வு நிலையில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்திற்கு 72 முறை துடித்தால் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது. தசைகளுக்கு வேண்டிய பிராணவாயுவை இந்த இரத்தமே சுமந்து செல்கிறது.

மிதமான வேகத்தில் நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகள் கேட்கும் பிராணவாயுவை இதயத்தால் குறைவின்றி அனுப்ப முடிகிறது. அப்போது தசைகள் உடலிலுள்ள கொழுப்பையும் சர்க்கரைச் சத்தையும் பிராணவாயுவின் துணையுடன் எரித்து ஆற்றல் பெறுகின்றன. இந்த நிலையில் நெடுநேரம் இயங்கலாம். வேகம் எல்லை மீறும்போது பிராணவாயு வரவு போதாமற்போகிறது. தசைகள் சேமிப்பிலுள்ள சர்க்கரைச் சத்தை விரைந்து செலவிடுகின்றன. மூச்சு இரைக்கிறது; கால்கள் கனக்கின்றன; சில நிமிடங்களில் நின்றுவிட நேர்கிறது. நம் இளைஞர்கள் திடலோரத்தில் சாய்ந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

எல்லைக்குள் நின்று வாரக்கணக்கில் பயிற்சி செய்தால் இதயம் ஒரு துடிப்பிலேயே முன்னைவிட மிகுதியான இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆகவே அதே வேலைக்கு இதயம் குறைந்த முறை துடித்தால் போதுமானதாகிறது. ஒருவருடைய ஓய்வு நாடி 72-லிருந்து 60-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 12 துடிப்பு மிச்சம். ஒரு நாளைக்கு 17,280 துடிப்பு மிச்சம். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர் பலருக்கு ஓய்வு நாடி 50-க்கும் கீழே இருப்பதுண்டு.

நாடியைக் கொண்டு பயிற்சி தந்த முன்னோடிகள்

நாடியை அளவுகோலாகக் கொள்ளும் முறை புதிதன்று. 1930-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் வால்டெமர் கெர்ஷ்லர் என்னும் பயிற்றுநரும் ஹெர்பெர்ட் ரைண்டெல் என்னும் மருத்துவரும் இணைந்து இதை ஆராய்ந்தனர். ஓட்டக்காரரின் நாடி 180-ஐ எட்டும் வரை குறுந்தொலைவு ஓடச் செய்வர். பின்னர் அது 120 அளவுக்கு இறங்கும் வரை ஓய்வு தருவர். ஒன்றரை நிமிடத்திற்குள் நாடி இறங்கவில்லையெனில் அன்றைய சுமை மிகுதி என்று கொள்வர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டர் தொலைவை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அச்சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை.

இது கடும் பயிற்சி முறை. மிதமான பயிற்சியின் சிறப்பை உலகுக்கு உணர்த்தியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு. அவர் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விடியுமுன் வீடுகளுக்குப் பசும்பால் கொண்டு சென்று கொடுத்தவர். நம்மைப் போன்ற ஓர் உழைப்பாளியே. வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் தம் உடலையே சோதனைக்களமாக்கி ஓடிப் பார்த்தார். மூச்சுத் திணறாத அளவில் நெடுந்தொலைவு ஓடி முதலில் அடித்தளம் இட வேண்டும், வேகப் பயிற்சி அதன் பின்னரே என்பது அவர் கண்ட முடிவு. அவரிடம் பயின்றவர்கள் வாரத்திற்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வரை ஓடினர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். இருவரும் லிடியார்டின் மாணவர்கள்.

இவற்றுக்கிடையே 1957-இல் பின்லாந்து ஆய்வாளர் மார்ட்டி கார்வோனென், ஓய்வு நாடியையும் உச்ச நாடியையும் சேர்த்துக் கணக்கிடும் எளிய முறையை வகுத்தார். நாம் பின்பற்றப் போவது அம்முறையே. 1982-இல் அதே பின்லாந்தில் நாடியைக் காட்டும் கம்பியில்லாக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. இன்று அத்தகைய கடிகாரங்கள் பல வகையில் கிடைக்கின்றன. அவை இருந்தால் நன்று, இல்லாவிட்டாலும் குறையில்லை. இரண்டு விரலும் விநாடி முள்ளுள்ள ஒரு கடிகாரமும் நமக்குப் போதும்.

நாடியை எண்ணுவது எப்படி?

இடக்கையின் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மெல்ல வைத்தால் துடிப்புப் புலப்படும். கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தல் கூடாது. அதற்கே துடிப்பு உண்டாதலால் கணக்குத் தவறும்.

ஓய்வு நாடியைக் காலையில் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுமுன், தேநீரோ புகையோ தொடுமுன் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மூன்று நாள் எண்ணி அவற்றின் சராசரியைக் குறித்துக்கொள்க. வயது வந்தோர்க்கு இது பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும்.

ஓட்டத்தினிடையே எண்ணுவதற்கு முறை வேறு. நின்றவுடன் நாடி விரைந்து இறங்கத் தொடங்கிவிடும். எனவே நின்ற அக்கணமே 10 விநாடி மட்டும் எண்ணி, அதை 6-ஆல் பெருக்க வேண்டும்.

நமக்கு ஏற்ற அளவு எது?

முதலில் உச்ச நாடியை மதிப்பிட வேண்டும். 220-லிருந்து வயதைக் கழிப்பது நெடுங்காலமாக வழங்கி வரும் முறை. 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத் திருத்தியது. அதன்படி, வயதை 0.7-ஆல் பெருக்கி, வந்த தொகையை 208-லிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டு முறையும் 180 என்றே காட்டும். இளையோர்க்கும் முதியோர்க்கும் புதிய முறையே பொருத்தமானது.

நாற்பது வயதுள்ள ஒருவரின் ஓய்வு நாடி 70 என்று கொள்வோம். உச்சம் 180. இரண்டிற்கும் இடையே உள்ள 110 துடிப்பே அவருடைய கையிருப்பு. இதில் 40 விழுக்காடு 44. அதனை 70-உடன் கூட்டினால் 114. 60 விழுக்காடு 66. அதனை 70-உடன் கூட்டினால் 136. ஆக, புதிதாகத் தொடங்கும் அவர் 114-க்கும் 136-க்கும் இடையே நாடி நிற்குமாறு விரைந்து நடக்க வேண்டும். 10 விநாடிக் கணக்கில் இது 19 முதல் 23 வரை.

போட்டியை நாடும் இருபது வயது இளைஞரின் ஓய்வு நாடி 60 என்று கொள்வோம். புதிய முறைப்படி அவருக்கு உச்சம் 194, கையிருப்பு 134. அவருடைய மிதமான ஓட்டத்திற்கு 60 முதல் 70 விழுக்காடு ஏற்றது. அது 140 முதல் 154 வரை. அதாவது 10 விநாடிக்கு 23 முதல் 25 வரை. இருபத்தெட்டு, முப்பது என்று எண்ணிக்கை ஏறினால் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இக்கணக்கு ஒரு மதிப்பீடே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே வயதுள்ள இருவரின் உச்ச நாடி 10, 12 துடிப்புக்கு மேலும் வேறுபடக்கூடும். ஆகவே நாடியுடன் மூச்சையும் சாட்சியாகக் கொள்வோம். அருகில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. பேச்சுக்கு இடையூறே இல்லாமல் பாடவும் முடிந்தால் இன்னும் சற்று விரையலாம்.

பயிற்சியைத் தொடங்குவோம்

வாரத்தில் நான்கு நாள் போதும். முதல் இரண்டு வாரம் 20 நிமிடம் விரைந்து நடப்போம். அடுத்த இரண்டு வாரம் அதனை 30 நிமிடமாக்குவோம். நாடி எல்லைக்குள் அடங்கி நின்றால் நடையினிடையே இரண்டிரண்டு நிமிட மெதுவோட்டத்தைச் சேர்க்கலாம். எல்லையைத் தாண்டினால் மீண்டும் நடைக்குத் திரும்புவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு வாரத்திற்குப் பின் பெரும்பாலோர் 30 முதல் 40 நிமிடம் தொடர்ந்து இயங்கும் நிலையை அடைவர். போட்டிக்குச் செல்வோர் அதன் பிறகே வாரத்தில் ஒரு நாள் வேகப் பயிற்சியைச் சேர்ப்பது நலம். உடல்நலத்திற்கு மட்டும் பயிற்சி செய்வோர்க்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி.

எந்தப் பயிற்சியையும் ஐந்து நிமிட மெதுநடையில் தொடங்கி, ஐந்து நிமிட மெதுநடையில் முடிக்க வேண்டும். திடீரென நின்றுவிட்டால் தலைசுற்றல் வரக்கூடும்.

முன்னேற்றத்தை அறிய ஒரு வழி உண்டு. தோட்டச் சாலையில் ஏதேனும் ஒரு சுற்றைத் தேர்ந்துகொள்க. மாதம் ஒரு முறை, அதே மாலை வேளையில், நாடியை ஒரே அளவில் வைத்து அச்சுற்றை முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்க. நாடி மாறாமல் நேரம் மட்டும் குறைந்து வந்தால் இதயம் வலுப்பெறுகிறது என்பதற்கு அதுவே சான்று. அண்டை வீட்டுக்காரரின் வேகத்தோடு நம்மை ஒப்பிட வேண்டியதில்லை. போன மாதத்து நம்மோடு ஒப்பிட்டால் போதும்.

வெயிலும் வியர்வையும்

நம் நாட்டின் வெப்பமும் ஈரக்காற்றும் நாடியை உயர்த்துபவை. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதாலும், வியர்வையால் உடல் நீர் குறைவதாலும், வேகம் மாறாதபோதே நாடி 10, 15 துடிப்பு ஏறிவிடுவதுண்டு. அப்போது குறைய வேண்டியது நம் வேகமே. "நேற்று இதே தூரத்தை விரைவாக ஓடினேனே" என்று பிடிவாதம் பிடிப்பது வெப்பத் தாக்குதலுக்கு வழி வகுக்கும்.

காலை வேலையில் மிகுதியாக வியர்த்தவர்கள் நண்பகலிலேயே போதிய நீர் அருந்தி, உணவுண்டு, ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்த பிறகே பயிற்சிக்குச் செல்ல வேண்டும்.

நாடி தரும் எச்சரிக்கைகள்

காலை நாடி வழக்கத்தைவிட 10 துடிப்பு மிகுந்திருந்தால் அன்று ஓட வேண்டாம். முந்திய நாளின் சுமை தீரவில்லை, தூக்கம் போதவில்லை, அல்லது காய்ச்சல் தொடங்குகிறது என்று பொருள். முதல் நாள் இரவு அருந்திய மதுவும் நாடியை உயர்த்திவிடும். காய்ச்சலுடன் ஓடுவது இதயத் தசைக்கே கேடு விளைவிக்கக்கூடும். அதை அறவே தவிர்க்க வேண்டும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றுள் ஒன்று உள்ளவர்களும், நெடுநாள் பயிற்சியின்றி இருந்து நாற்பதைக் கடந்தவர்களும் முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்படும் மாத்திரைகளுள் சில, நாடியை உயரவிடாமல் தடுப்பவை. அவற்றை உட்கொள்வோர்க்கு மேற்கூறிய கணக்குப் பொருந்தாது. மருத்துவரின் அறிவுரையும் பேச்சுச் சோதனையுமே அவர்களுக்கு வழிகாட்டி. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது பேராபத்து.

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ, கை, தாடைக்குப் பரவும் வலியோ, தலைசுற்றலோ, தாறுமாறான துடிப்போ தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். "வாயுப்பிடிப்பு" என்று காலம் கடத்தாமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு மணி நேரத் தாமதம் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றிவிடும்.

மரம் கற்றுத்தரும் பாடம்

இக்கட்டுரையின் கருத்தை நம் தொழிலே நமக்கு ஏற்கனவே கற்றுத் தந்திருக்கிறது. தேர்ந்த வெட்டுக்காரர் உளியை ஆழமாகப் பாய்ச்சுவதில்லை. பட்டை எவ்வளவு தாங்கும் என்பதை அவர் கை அறியும். அளவு மீறினால் மரம் காயப்படும். புதுப்பட்டை ஒழுங்காக வளராது. நாள் விட்டு நாள் வெட்டினால் மரம் பல ஆண்டு பால் தரும். பேராசையால் ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும்.

மரத்திற்குக் காட்டும் இந்த நிதானத்தை நாம் நம் உடலுக்கும் காட்டுவோம். நாளைக் காலை விழித்தவுடன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். அந்த எண்ணைப் பிள்ளைகளின் பழைய பயிற்சி நூலொன்றில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் இதயம் எவ்வளவு இளைப்பாறியிருக்கிறது என்பதை அந்த எண்களே சொல்லும்.